எட்டாவது அடி

மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் இடையில் கடல் கேட்டது.

டைட்டஸ் முதலில் அதைக் கடல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கருங்கல் ஊருக்குப் போகும் பேருந்து மேட்டில் முக்கி ஏறுகிறது என்று நினைத்தார். பிறகு, கிறிஸ்துமஸ் மதியம் அல்லவா, பக்கத்து வீட்டில் கறிச்சட்டி கழுவுகிறார்கள், குழாய்ச் சத்தம் என்று நினைத்தார். அதுவும் இல்லை என்று தெரிந்ததும், முற்றத்து அயினி மரத்தில் காற்று புகுந்து இலைகளைப் புரட்டுகிறதோ என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை. புதுக்கடையில் இந்த வாடகை வீட்டை அவர் அலைந்து பிடித்ததே கடல் கேட்காத இடம் என்பதற்காகத்தான். ஆறு வருடமாக இங்கே சந்தை இரைச்சல் கேட்கும், பாங்கு கேட்கும், கோயில் மணி கேட்கும், கடல் கேட்டதில்லை. இப்போது அது சிடி பிளேயரின் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் வந்தது. ஓர் அலை நெடுநேரம் பின்வாங்கிப் போவது போல, சிப்பியும் கல்லும் உருண்டு உருண்டு ஆழத்துக்கு இழுபடுவது போல. போன அலை திரும்பி வரும் சத்தம் மட்டும் இல்லை.

பிறகு கிட்டார் வந்தது. நான்காவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முந்தின நாள்தான் பெனின் அந்த சிடியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். செத்துப்போன நண்பன் சகாயத்தின் மகன். கப்பலில் வேலை, கிறிஸ்துமஸ் லீவுக்குக் கடற்கரை ஊரான இனயத்துக்கு வந்திருந்தான்.

"மாமா, கண்ண மூடுங்க. கைய நீட்டுங்க."

"என்னலே, சாக்லேட்டா? எனக்கு சுகர்."

"சாக்லேட்டு இல்ல. தொர."

டைட்டஸ் கண்ணைத் திறந்தார். அதே அட்டைப்படம், உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி. தலைமுடி தோளில் விழ, முகம் தெரியாமல் கிட்டாரின் மேல் கவிழ்ந்திருக்கிற வெள்ளைக்கார இளைஞன். அவனுடைய முதல் இசைத்தட்டு அது. டைட்டஸுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய தாய்மாமா இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்தது. ஜாஸும் ராக்கும் கலந்த சங்கீதம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு அது டைட்டஸுக்கும் சகாயத்துக்கும் வெறும் ஆச்சரியம். தூண்டிலில் மாட்டிய மீன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுவது போல அந்தக் கிட்டார் ஓடும்; அதை விடாமல் பிடித்துக்கொண்டு டிரம் பின்னாலேயே போகும். கிட்டார்காரனின் பெயர் சகாயத்தின் நாக்குக்கு வரவில்லை. அதனால் அவன் 'தொர' ஆனான். இசைத்தட்டும் தொரதான்.

"பழைய டேப்ப எடுத்து, கழுவித் தொடச்சி, புதுசா எறக்கியிருக்கானுவ மாமா," என்றான் பெனின். "அண்ணைக்குக் கேக்காத சத்தமெல்லாம் இப்ப கேக்குமாம். கவர்லயே போட்டிருக்கு. ஞாயித்துக்கெழம அப்பாக்க நெனவுப் பூச முடிஞ்சதும் அம்மையும் நானும் இஞ்ச வாறோம். அம்மைக்கும் கேக்கணுமாம். எந்தப் பாட்ட வச்சிக்கிட்டு ரெண்டு பேரும் கூத்தடிச்சியன்னு பாக்கணுமாம்."

வாங்க என்று சொல்வதைத் தவிர டைட்டஸால் வேறு என்ன சொல்ல முடியும்?

நான்காவது பாட்டு ஏழு அடித் தாளம். மூன்று, இரண்டு, இரண்டு. இனயம் கோயில் கொயரில் கிட்டார் வாசித்த டைட்டஸ், டிரம் வாசித்த சகாயத்துக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வருடக்கணக்காக முயன்றிருக்கிறார். சகாயம் விடிகாலை கடலுக்குப் போய்வந்து, குளித்து, தலையில் எண்ணெய் வழிய வந்து உட்காருவான். ஏழு அடித்துவிட்டு எட்டாவதையும் அடித்துவிடுவான்.

"ஏழுதாம்லே."

"அப்ப எட்டாவது அடி எங்க போச்சி? தொர தின்னுட்டானா?"

இப்போது, மழித்துச் சுத்தமாக்கிய முகம் போலிருந்தது அந்தப் பாட்டு. பழைய தட்டின் கீறல் இல்லை, பொரிகிற சத்தம் இல்லை. தந்தியில் விரல் வழுக்குவது கேட்டது. யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. அதற்கும் அடியில், வெகு தொலைவில், பாட்டுக்குச் சொந்தமில்லாத ஒன்று கேட்டது.

மரத்தின் மேல் விரல் முட்டி.

மூன்று. இரண்டு. இரண்டு.

டைட்டஸ் பிளேயரை நிறுத்தினார். வீடு அமைதியாக இருந்தது. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் படியில், வெயில் நேராக விழுந்துகொண்டிருந்த காய்ந்த சிமெண்டில், ஒரு மணம் நின்றது. உப்பு, ஈரக் கயிறு, அப்புறம் பயறும் கருப்பட்டியும் எண்ணெயில் வெந்த மணம். முந்திரிக்கொத்து. கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டிலும் சுடுவதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

*

ஆறு வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில், டைட்டஸ் ஒரு காரியம் செய்தார். ஊருக்கே மனப்பாடமான கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ஏழு அடித் தாளத்தில் மாற்றி அமைத்திருந்தார். பாட்டு தொடங்கியது, கைதட்டிப் பாட எழுந்த சனங்களுக்குக் கை எங்கே விழ வேண்டும் என்று தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தன. கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டிரம்மில் இருந்த சகாயம் அதைப் பார்த்தான். மனசு பொறுக்காமல் நேரான நாலு அடிக்கு மாறிவிட்டான். கோயில் முழுக்க நிம்மதியாகப் பாடியது. டைட்டஸின் கிட்டார் மட்டும் தனியாக நின்றது.

பூசை முடிந்ததும் அவர் சொன்னார்: "மீன் நாறுத கைக்கு வல இழுக்கத்தான் தெரியும். தாளம் பிடிக்கத் தெரியாது."

மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. கோயில் கேட்டது. வலை இழுக்கிற ஆயிரம் கைகள் இருந்த கோயில்.

சகாயம் தன் கையை முகர்ந்து பார்த்து, அதே மைக்கில், "நாறத்தான் செய்யிது மக்களே," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். டைட்டஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவன் சிரித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் பூசைக்குப் போகவில்லை. மனைவி ஜிஷா குவைத்தில் நர்ஸ். வீட்டில் அவர் மட்டும். இனயத்துக் கடலோர வீட்டின் மாடியறையில் தொரையைச் சுழலவிட்டு, ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி உட்கார்ந்திருந்தார். கீழே மாடிப்படிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பத்து மணி தாண்டியிருக்கும், கதவு தட்டப்பட்டது.

மூன்று. இரண்டு. இரண்டு. எட்டாவது அடி இல்லை.

அவருக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. படித்துவிட்டானே என்று. அந்தச் சந்தோஷம் வந்த பிறகுதான் மற்றது வந்தது. அதனால்தான் அது இன்னும் மோசம்.

"டைட்டசே, மக்கா, தொறடே. முந்திரிக்கொத்து கொண்டாந்திருக்கேன். ஒனக்க ஏழும் கொண்டாந்திருக்கேன்."

நிக்கட்டும், என்று நினைத்தார். ஹெட்போனைக் காதில் வைத்தார். வால்யூம் திருகை வலப்பக்கம் திருப்பினார்.

ஓடிக்கொண்டிருந்தது நான்காவது பாட்டு, பதினோரு நிமிடம். நடுவில், இசைக்கு அப்பாலிருந்து, மறுபடியும் தட்டும் சத்தம் வந்தது. இந்த முறை தாளம் இல்லை. தொடர்ந்து, இடைவெளி விடாமல், இரண்டு கையாலும். கோவப்படுகிறான், படட்டும் என்று இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு ஊசி தட்டிலிருந்து துள்ளியது. தரை அதிர்ந்தது. சன்னலில் வானம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் இருந்தது.

மூன்றாம் நாள் சகாயத்தைக் கால்வாய்க் கரையின் தாழம்புதரில் கண்டெடுத்தார்கள். கை முட்டிகளில் தோல் இல்லை. கல்லில் உரசியிருக்கும் என்றார்கள்.

"அண்ணே, அவரு ஒங்க வீட்டுக்குத்தான் வந்தாரு," என்றாள் அவன் மனைவி அஜிதா. "கண்டியளா?"

"ஹெட்போன் போட்டிருந்தேன் அஜிதா. ஒண்ணும் கேக்கல."

அவள் அழுதாள். பிறகு, "நீங்க என்ன செய்விய அண்ணே," என்று அவர் முதுகைத் தடவிவிட்டாள். புருஷனை இழந்தவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கையால் முந்திரிக்கொத்து வருகிறது. நல்ல மீன் கிடைத்தால் கறியும் வருகிறது. டைட்டஸ் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்லியிருக்கிறார், பொறாமையைச் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை. நற்கருணை வாங்குகிற ஒவ்வொரு ஞாயிறும் நாக்கில் உப்புக் கரித்தது.

*

விளக்கு வைத்த பிறகு மறுபடியும் கேட்டார். கேட்டுவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தார். நாளை அஜிதா வருவதற்குமுன் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஹெட்போனை எடுத்து மாட்டினார். ஆறு வருடத்தில் முதல் முறையாக.

மூன்றாவது பாட்டு முடிந்தது. அலை பின்வாங்கியது. இப்போது அது காதுக்குள்ளேயே நடந்தது; தண்ணீர் விட்டுப்போன மணலில் மீன்கள் துடிக்கிற ஈரச் சத்தம்கூடக் கேட்டது. கிட்டார். அதன் அடியில் தட்டல். மதியம் தொலைவில் இருந்தது, இப்போது அறைக்குக் கீழே. மாடிப்படிக்குக் கீழே. இந்த வீட்டுக்கு மாடியே கிடையாது.

மூன்று. இரண்டு. இரண்டு.

பிறகு ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

டைட்டஸ் அசையவில்லை. அவர் நாற்காலி அசையவில்லை. சத்தம் தட்டுக்குள் இருந்தது. பிரம்பு நாற்காலி. மாடியறையில் அவர் உட்கார்ந்திருந்த, இடது கால் ஆடுகிற பிரம்பு நாற்காலி. அதைத் தண்ணீர் கொண்டுபோய் ஆறு வருடம் ஆகிறது.

ஒரு மூச்சு. பக்கத்தில், மிகப் பக்கத்தில்.

பிறகு ஒரு குரல். அவர் குரல்.

"நிக்கட்டும்."

நினைத்ததுதானே. வாய்விட்டுச் சொல்லவில்லையே. சொன்னோமா?

திருகு திரும்பும் சின்னச் சொடுக்கு. சத்தம் தானாக ஏறியது. அவர் கை மடியில்தான் இருந்தது. ஏறியது. காதைப் பிளந்தது. அதற்குள்ளும் கேட்டது, தாளமில்லாமல், இரண்டு கையாலும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கத்தரிக்கோலை எடுத்து பிளேயரின் வயரை வெட்டினார். அந்த இரவு முழுக்க செபமாலையைக் கையில் பிடித்திருந்தார். ஒரு மணிகூட உருளவில்லை.

*

அஜிதா வெள்ளைச் சேலையில், தூக்குவாளியோடு வந்தாள். பின்னால் பெனின்.

"பூசைக்கு வருவியன்னு பாத்தேன் அண்ணே. மொகமென்ன இப்பிடி வெளுத்துப் போச்சி? சாப்பிட்டியளா?"

"ஒறக்கம் இல்ல." அவர் பிளேயரைக் காட்டினார். "பெனினே, இது கெட்டுப் போச்சுடே. இன்னொரு நாளு கேப்பம்."

வெட்டிய வயரைச் சோபாவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

"அதுக்கென்ன மாமா, நான் அண்ணைக்கே லேப்டாப்ல ஏத்தி வச்சிருக்கேன்." பெனின் பையைத் திறந்தான். "ஒங்களுக்குக் குடுக்காம நான் மட்டும் கேக்கப்பிடாதுன்னு ஒருக்காகூடப் போட்டுப் பாக்கல."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டுக்கு அஜிதா, "இதுக்கா அவரு சோறு தண்ணி மறந்து இருந்தாரு?" என்று சிரித்தாள். இரண்டாவதில் கண்ணைத் துடைத்தாள். மூன்றாவது முடிந்தது. டைட்டஸ் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார்.

மௌனம். வெறும் மௌனம். கடல் இல்லை. அவர் மூச்சு விட்டார்.

அப்போது அஜிதா வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"யாரோ தட்டுதாங்க."

"ஆமா," என்றான் பெனின். "யாரு மாமா?"

மூன்று. இரண்டு. இரண்டு. லேப்டாப்பிலிருந்து இல்லை. கதவில்.

அஜிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, கேக்கலியா?"

ஒரு வார்த்தை போதும். கேக்குது என்ற ஒரே வார்த்தை. ஆறு வருடம் முன்னாலும் அதே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. டைட்டஸ் வாயைத் திறந்தார். உள்ளே உப்புக் கரித்தது.

"இல்லியே. எனக்கு ஒண்ணும் கேக்கல."

பெனின் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். வெயில் உள்ளே வந்தது. "யாருமில்ல," என்றான்.

அஜிதா தாழ்ந்த குரலில், மகனுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள்:

"அது அவருக்க தட்டு அண்ணே. அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி முழுக்க கட்டிலுச் சட்டத்துல தட்டித் தட்டிப் படிச்சாரு. டைட்டஸுக்க மனசு நோவ வச்சிட்டேன்டி, படிச்சிட்டுப் போய் காட்டணும்னு. எனக்கு ஒறக்கம் கெட்டு நான் ஏசினேன்." அவள் தூக்குவாளியை மேசைமேல் நகர்த்தி வைத்தாள். "கொயர்ல முப்பது பேரு பாடுனா எவன் சுதி விட்டான்னு திரும்பிப் பாக்காம சொல்லுவிய. அவ்வளவு நல்ல காது ஒங்களுக்கு."

"அஜிதா..."

"ஆளு வந்தா கதவத் தொறக்கணும் அண்ணே. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

அவள் சத்தம் போடவில்லை. அழவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். வாசலில் நின்று, பழக்கத்தினால், "சாப்பிடுங்க," என்றும் சொன்னாள். அந்த ஒரு சொல் அவரை உட்கார வைத்துவிட்டது. கதவைத் தாழிட்டு வந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவமானம் காய்ச்சல் போல ஏறியது. காது மடல்கள் எரிந்தன.

கதவு தட்டப்பட்டது.

மூன்று. இரண்டு. இரண்டு.

இந்த முறை டைட்டஸ் ஓடினார். நாற்காலி பின்னால் சரிந்து விழ ஓடினார். "கேக்குது," என்று கத்தினார். "கேக்குது மக்கா, அண்ணைக்கும் கேட்டுது. இந்தா வாறேன்." தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தார்.

யாரும் இல்லை. படியில் ஓர் அலுமினியத் தூக்குவாளி. அஜிதா வைத்துவிட்டுப் போனது உள்ளே மேசைமேல் இருந்தது. இது வேறு. நசுங்கியது. பாசி பிடித்தது. சுற்றிலும் தண்ணீர் சொட்டியிருந்தது.

அவர் இரண்டு படி இறங்கிக் குனிந்தார். மூடியைத் திறந்தார். முந்திரிக்கொத்து. இன்னும் சூடாக இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் திரும்பினார். தள்ளினார். அசையவில்லை. உள்ளே நான்காவது பாட்டு ஆரம்பித்தது. லேப்டாப்பைப் பெனின் கொண்டுபோய்விட்டான். பிளேயரின் வயர் வெட்டுண்டு கிடக்கிறது.

சாலையைப் பார்த்தார். பேருந்து இல்லை. சந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் புதுக்கடையில் ஓர் ஆள் இல்லை. மேற்கே, வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் அப்பால், ஓர் அலை பின்வாங்கியது. நெடுநேரம். சிப்பியும் கல்லும் உருண்டன. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

அவர் கதவைத் தட்டினார். கை தானாக அந்தத் தாளத்தில் விழுந்தது. விரல் முட்டிகளில் மீன் மணத்தது.

"சகாயம். தொற மக்கா."

உள்ளே பிரம்பு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ கேட்கிறார்கள்.

திருகின் சின்னச் சொடுக்கு.

பாட்டின் சத்தம் ஏறியது.

அவர் மறுபடியும் தட்டினார். மூன்று. இரண்டு. இரண்டு. நிறுத்தினார். கணுக்காலில் தண்ணீர் குளிர்ந்தது.

எட்டாவது அடி அவருக்குப் பின்னாலிருந்து கேட்டது.